இருப்பிடச் சான்றிதழும் ஒரு விளக்குமாறும்

அரசு ஊழியரை விளக்குமாற்றால் அடித்தவர்கள் இந்த மாவட்டத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் ஒருத்தி இருக்கிறேன். அதுவும், "நான் இந்த ஊர்க்காரிதான், நம்புங்கள்" என்று மனு கொடுத்துவிட்டு, அதை விசாரிக்க வந்த மனிதரையே அடித்தேன்.

எனக்கு அப்போது பதினேழு வயது. அப்பா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து அந்த வருஷம்தான் ஓய்வு பெற்றிருந்தார். அவருக்கு மாறுதல் வந்த ஊரிலெல்லாம் நான் படித்தேன். ஜபல்பூர், ஜோத்பூர், கடைசியில் பதான்கோட். முன்னாள் ராணுவத்தினர் பிள்ளைகளுக்கென்று பொறியியல் கல்லூரியில் சில இடங்கள் உண்டு. அதில் ஒன்று கிடைத்தால்தான் எனக்குப் படிப்பு. ஆனால் வெளிமாநிலத்தில் படித்தவள் என்பதால், சொந்த ஊர் இதுதான் என்று தாசில்தார் சான்றிதழ் தர வேண்டும். கடைசித் தேதிக்கு ஆறு நாள் இருந்தது.

"வி.ஏ.ஓ. வீட்டுக்கு விசாரணைக்கு வருவாரு. வீடு பூட்டிக் கெடந்தா மனுவத் தள்ளிருவாரு, அண்ணாச்சி" என்றார் இ-சேவை மையத்துக்காரர். அப்பாவுக்கு மீசை துடித்தது.

"எல்லையில இருபத்திரெண்டு வருஷம் நின்னவனுக்கு ஊரு எதுன்னு கேக்கானுவளா! ஏட்டி, கெளம்பு. வீட்டத் தொறப்போம். ஆளு இருக்குன்னு தெரியணும். அந்தியில வெளக்கேத்து."

அப்பாவின் பூர்வீக வீடு அது. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையை விட்டு விலகி, வயலுக்கு நடுவே தனியாக நிற்கும். கடைசியாக அதில் இருந்தது அப்பாவின் அக்கா, சண்முகத்தாய் அத்தை. அவள் இறந்து ஒன்பது வருஷம். சாவுக்கு அப்பாவால் வர முடியவில்லை. அவர் அப்போது இருந்த எல்லை முகாமில் பனி பாதையை அடைத்துக் கிடந்தது. அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை. நான் அத்தையைப் பார்த்தது கைக்குழந்தையாக இருந்தபோதுதான்.

ஆனி மாதம், சாரல். அருவிக்கு வருகிறவர்களுக்கு அது கொண்டாட்டம். அந்த வீட்டுக்குள் இருந்து பாருங்கள், தெரியும்! மத்தியானம் மூன்று மணிக்கே இருட்டிவிடும். எதிரே மலை இருந்த இடத்தில் வெறும் வெள்ளை. பக்கத்து அறையில் யாரோ அடங்கிய குரலில் பேசுவதுபோல் தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அம்மாவும் தம்பியும் பதான்கோட்டில் சாமான் கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா விடிந்ததும் காகிதங்களுக்காகத் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினால் அந்தி சாய்ந்துதான் வருவார். பகல் முழுக்க நான் தனி.

முதல் நாள் வாசலை ஒட்டி, தெற்குப் பார்த்து விளக்கேற்றினேன். (பட்டாளக் குடியிருப்பில் வளர்ந்தவள். விளக்குக்குத் திசை உண்டு என்று எனக்கு யார் சொன்னார்கள்?) டீ போட்டுக்கொண்டு வந்து பார்த்தால் திரி கிழக்கே பார்த்திருந்தது. என் ஞாபகம்தான் பிசகு என்று நினைத்தேன். மறுநாள் கவனமாகத் தெற்கே வைத்து, கதவையும் தாழிட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்தால், கிழக்கு!

அப்பாவிடம் கேட்டேன். "நான் இப்பத்தானே வாரேன்? தெக்க பாத்து எவளாவது ஏத்துவாளா? கெழக்க பாத்துத்தானே இருக்கு, பெறவு என்ன?" என்று சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

மூன்றாம் நாள் காலையில் வாசலில் கோலம் கிடந்தது. ஒன்பது புள்ளிக் கோலம். அப்பாதான் போட்டிருப்பார் என்று நினைத்தேன். (ராணுவத்தில் என்னென்னவோ கற்றுத் தருவார்களாமே.) அப்பா நான் போட்டது என்று நினைத்து, பிள்ளை ஊர்ப் பழக்கத்துக்கு வந்துவிட்டாள் என்று பூரித்துப்போனாராம். இது பின்னால் தெரிந்தது.

நான்காம் நாள் என்னால் பயத்தைத் தாங்க முடியவில்லை. பேய்க்கு விளக்குமாறுதான் மருந்து என்று அம்மா சொல்வாள். அதை எடுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். ஆள் இருப்பது தெரிய வேண்டும் என்பது அப்பாவின் உத்தரவு, அதனால் கதவு திறந்தே இருந்தது.

வெளியே புகைபோல் சாரல். ஒரு பெண் குரல் மெதுவாக எதையோ சொன்னது. அப்புறம் ஈரச் செருப்பின் சத்தம். வெள்ளையாக ஒன்று உள்ளே வந்தது. கண்ணை மூடிக்கொண்டு சாத்தினேன், மூன்று அடி.

"எம்மா, நான் வி.ஏ.ஓ.ம்மா!"

என் படிப்பு அங்கேயே முடிந்தது என்று நினைத்தேன். அன்றைக்குப் பார்த்து அப்பா சீக்கிரமே வந்துவிட்டார். வி.ஏ.ஓ. தலையிலிருந்து ஈர்க்குச்சியை எடுத்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சிருங்க சார். தனியா இருந்த பிள்ள, பயந்துட்டா" என்றார் அப்பா.

"எங்க சார் தனியா? வாசல்ல கோலம் போட்டுட்டு இருந்த அம்மாதான 'உள்ள போங்க, பிள்ள இருக்கா'ன்னாவ? அவங்க சொல்லித்தான் வந்தேன்."

"எந்த அம்மா?"

"ஒங்க அக்கான்னு சொன்னாவளே. எடது கையில ரெண்டு வெரலு மடங்குனாப்புல இருந்துச்சு. 'தம்பி பட்டாளத்துல இருந்து வந்துட்டான், இனிமே இங்கனதான் இருப்பான், எழுதிக்கோங்க'ன்னாவ." அவர் போன மாசம்தான் ஆலங்குளம் பக்கமிருந்து மாற்றலாகி வந்தவர். எங்கள் வீட்டுக் கதை எதுவும் அவருக்குத் தெரியாது.

நான் வாசலுக்கு ஓடினேன். வரப்பில் கண்ணுக்கு எட்டிய வரை ஆள் இல்லை. கோலம் பாதியில் நின்றிருந்தது. கடைசி இழையில் மாவு இன்னும் நனையாமல் இருந்தது.

உள்ளே அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சோத்துக் கஞ்சி கொட்டி மடங்குன வெரலு" என்றார். என்னிடம் சொன்னாரா, வேறு யாரிடம் சொன்னாரோ தெரியவில்லை. அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்குப் பயம் போய்விட்டது.

வி.ஏ.ஓ. தலையைத் தடவியபடி அறிக்கை எழுதினார். மனுதாரர், அவர் தகப்பனார், தகப்பனாரின் அக்கா ஆகிய மூவரும் மேற்படி வீட்டில் குடியிருந்து வருகிறார்கள் என்று எழுதினார். பொய் சொன்னால் தோலை உரிக்கிற அப்பா, அன்று அதைத் திருத்தவில்லை. கடைசித் தேதியன்று சான்றிதழ் வந்தது. எனக்கு இடமும் கிடைத்தது.

இப்போது எனக்குச் சென்னையில் வேலை. வீட்டுக்கு யார் வந்தாலும், "மொதல்ல வெளக்குமாத்த ஒளிச்சு வைங்க" என்று தம்பி ஆரம்பித்துவிடுவான். அப்பா அந்த வீட்டை விட்டு நகரவே இல்லை. போன வாரம் அம்மா என் தம்பி வீட்டுக்குப் போயிருந்தாள். சாரல் காலம் வேறு. மனசு கேட்காமல் ஃபோன் செய்தேன்.

"தனியாவாப்பா இருக்கீங்க?"

"எங்கனட்டி தனியா?" என்றார் அப்பா. "அதான் சர்க்காரே எழுதிக் குடுத்திருக்குல்லா."