ஆயிரத்தொன்பது புளியங்கன்றுகள்

அன்று அங்கே இருந்தவர்கள்: மேஸ்திரி கோவிந்தன், ரேஞ்சர், அவருடைய ஜீப் டிரைவர், பையில் மண் நிரப்பும் செல்வி, செல்வி வீட்டு ஆடு நாலு, கடைசியாக நான். இதில் கணக்குத் தெரியாதவன் நான் ஒருவன்தான். (ஆடுகளைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியாது.)

ஜவ்வாது மலை நாற்றுப்பண்ணையில் எனக்கு அது நாலாவது நாள். விடியும்போதே மேஸ்திரி சொல்லிவிட்டார்.

“ஆயிரத்தொம்பது புளியங்கன்னு கீது. பன்னெண்டு மணிக்கு ரேஞ்சர் வர்றாரு. எல்லா வரிசையும் சமமா இருக்கணும். ஒரு வரிசைய எண்ணிப் பெருக்கிக்குவாரு. ஒண்ணு தனியா நின்னாலும் திருட்டுக் கன்னும்பாரு. சரியா வெச்சீன்னா நீ வாட்ச்மேன். இல்லைன்னா வூட்டுக்குப் போய்ட்டே இரு.”

“சரிங்க” என்றேன். வாட்ச்மேன் ஆகிவிட்டேன் என்று வீட்டில் முந்தின நாளே சொல்லியிருந்தேன்.

ஏழு வரிசை வைத்தேன். ஒன்று மிஞ்சியது. எட்டு வைத்தேன். ஒன்று. ஒன்பது. ஒன்று. (அதே கன்றுதான் என்று தோன்றியது. முறைத்துப் பார்த்தேன்.) பத்து வைத்ததில் ஒன்பது மிஞ்சியது. இடுப்பு போய்விட்டது. மணி பத்து.

செல்வி வந்து நின்றாள். பத்தாவது படித்தவள்.

“இத்தினி தபா மாத்தி மாத்தி வெக்கிறியே, வகுத்துப் பாத்தியா?”

“இல்ல.”

குச்சியால் தரையில் வகுத்தாள். முப்பத்தொன்று வரை போய் நிறுத்தினாள்.

“அதுக்கு மேல?”

“வேணாம். முப்பத்திரண்ட முப்பத்திரண்டால பெருக்கினா ஆயிரத்தொம்பதத் தாண்டிடும். இது பகா எண்ணு. எதுலயும் வகுபடாது.”

“அப்ப எத்தினி வரிசைதான் வெக்கிறது?”

“ஒரே வரிசையா வெச்சுக்க” என்று சிரித்துக்கொண்டே போனாள்.

அது கிண்டல். எனக்கு உறைக்கவில்லை. பண்ணை கேட்டில் தொடங்கி, ரோட்டோரமாக, வளைவு தாண்டியும் ஒரே வரிசையாக வைத்து முடித்துவிட்டு கேட்டுக்கு ஓடி வந்தேன். ஜீப் வந்து நின்றது.

ரேஞ்சரை அழைத்துவரப் போயிருந்த மேஸ்திரி முதலில் இறங்கினார். “இன்னாடா இது?”

“வரிசைங்க.”

“எத்தினி?”

“ஒண்ணுங்க. எல்லாம் சமம்.”

டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரேஞ்சரும் இறங்கினார். எண்ணிக்கொண்டே நடந்தார். பின்னால் மேஸ்திரி, அவருக்குப் பின்னால் நான். நானூறு தாண்டியது. எழுநூறு தாண்டியது. அப்புறம் வளைவு.

வளைவுக்கு அந்தப் பக்கம் செல்வி வீட்டு ஆடுகள். கடைசிக் கன்றில் தொடங்கி, ஒழுங்காக, வரிசை மாறாமல் தின்றுகொண்டு வந்தன.

ரேஞ்சர் எண்ணி முடித்தார். “பன்னெண்டு கன்னு போச்சு. மிச்சத்தையாவது சமமா வெய்யி. அரை மணி நேரம் தர்றேன்.”

செல்வி ஓடி வந்து மறுபடி குச்சி எடுத்தாள். முப்பத்தொன்று வரை போனாள். என்னைப் பார்த்தாள். குச்சியை உடைத்துப் போட்டாள்.

மூன்று மணி பஸ்ஸில் நான் ஊருக்குப் போனேன்.

ஆடு மேய்ந்ததற்கு வருத்தம் சொல்ல செல்வியின் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். இரண்டு வருஷத்தில் எனக்கு மாமனார் ஆனார். இன்றும் விசேஷத்தில் பந்தி போடும்போது மச்சான்கள் விடுவதில்லை.

“மாமா, எல எத்தினி வரிசை போடலாம்?”

நான் இலைக்கட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவேன். அடுத்து, ஆடு தின்றது போக மிச்சம் எத்தனை என்று கேட்பார்கள். அதற்கு செல்வி சொல்வாள்.

997.