ஊருக்கு வெளியே நிற்கும் வண்டி

உலகத்தில் எந்த ஊருக்குள்ளும் வண்டியை நிறுத்தாத டிரைவர் ஒருவர்தான் உண்டு. அவர் என் மனைவியின் அண்ணன். எங்கள் தாயில்பட்டியில் சொந்தமே இல்லாதவர்களுக்கும் அவர் 'லோடு மச்சான்'தான். முப்பது வருடம் பட்டாசு லோடு ஏற்றி வடக்கே போய் வந்தவர். பட்டாசு வண்டியை வீடு, பள்ளிக்கூடம், டீக்கடை அடுப்பு பக்கம் நிறுத்தக் கூடாது. மற்ற டிரைவர்கள் லோடு இருக்கும்போது அதைக் கடைப்பிடிப்பார்கள். இவர் தன் கல்யாணத்துக்கே காலி வண்டியைக் கண்மாய்க்கரையில் விட்டுவிட்டு மாப்பிள்ளைக் கோலத்தில் நடந்து வந்தார்.

இப்பேர்ப்பட்டவரோடு நான் ஆஸ்திரேலியாவில் காரில் போக நேர்ந்தது. என் மகளுக்கு அங்கே ஒரு பட்டிக்காட்டில் குடித்தனம், முதல் பிரசவம். மனைவி முன்கூட்டியே போய்விட்டாள். தாய்மாமன் முறைக்கு மச்சானும், அவர் துணைக்குப் பெற்ற தகப்பன் நானுமாகப் பின்னால் போனோம். விமானத்தை விட்டு இறங்கியதும் மருமகன் போன். இரண்டு வாரம் முந்தியே வலி எடுத்துவிட்டதாம். தான் வர முடியாது, நண்பர் காரைத் தருவார், மச்சான் ஓட்டி வரட்டும் என்றார். அந்த நாட்டில் ஓட்டும் லைசென்ஸை மச்சான் ஊரிலேயே எடுத்து வைத்திருந்தார். ஆஸ்பத்திரிக்கு ஐந்து மணி நேரப் பாதை. மகள் போனை வாங்கி, "உள்ள கொண்டு போறதுக்குள்ள வந்துருங்கப்பா" என்றாள்.

எட்டாவதோடு நின்ற எனக்குக் கவலைப்படுவது ஒன்றுதான் முழுசாகத் தெரிந்த வித்தை.

நூற்றுப்பத்தில் போகலாம் என்றது போர்டு. மச்சான் அறுபதில் போனார். செருப்பைக் கழற்றி என் மடியில் வைத்துவிட்டு வெறுங்காலோடு ஓட்டினார். மணிக்கொரு தடவை இறங்கி, நாலு டயரையும் புறங்கையால் தொட்டுச் சூடு பார்த்தார். டிக்கியில் இருந்ததோ இரண்டு கிலோ சாத்தூர் சேவும் பிள்ளைத்துணியும்.

முதல் ஊர் வந்தது. கோபுர உயரத்துக்கு ஒரு கோதுமைக் கிடங்கு, ஒரு பெட்ரோல் பங்க், ஆளில்லாத தெரு. ஊருக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே கார் நின்றுவிட்டது. எனக்கோ அவசரமாக ஒதுங்க வேண்டும். வெயிலில் நடந்து போய் வந்தேன். அடுத்த ஊரிலும் அதே கதை. பெயர்கள் வாயில் நுழையாததால் அவரே எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர்களை வைத்தார். வற்றிப்போன அணை இருந்தது வெம்பக்கோட்டை. தண்டவாளம் குறுக்கிட்டது சாத்தூர். மகளுக்கு என்ன ஆயிற்றோ என்று நான் தவித்துக்கொண்டிருக்க, "சாத்தூரு தாண்டிட்டோம் மாப்ளே" என்றார், ஏதோ வீடு வந்துவிட்ட மாதிரி.

ஊருக்கு ஊர், அன்றைக்குத் தீப்பிடிக்கும் அபாயம் எவ்வளவு என்று முள் காட்டும் அரைவட்டப் பலகை நின்றது. சுற்றிலும் காய்ந்த புல். முள் ஆரஞ்சுக்கு வந்திருந்தது. மச்சான் இறங்கி அதன் முன் கைகட்டி நின்றார்.

"பாரு மாப்ளே, இங்கன ஊரே நம்ம தொழிலு மாதிரித்தான் இருக்கு."

அதற்குப் பிறகு வேகம் ஐம்பது.

அவர் டயர் பார்த்துக்கொண்டிருந்த ஓரிடத்தில், தொப்பி போட்ட வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவர் தன் வண்டியை நிறுத்தி என்ன பழுது என்று கேட்டார். மச்சான் டயரைக் காட்டினார். பெரியவரும் குனிந்து புறங்கையால் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு இருவருமாக மற்ற மூன்று டயரையும் பார்த்தார்கள். எனக்கு அழுகை வந்தது.

கடைசியில் ஆஸ்பத்திரி இருக்கும் ஊர் வந்தது. வழக்கம்போல வெளியே ஓரங்கட்டினார். அப்போது மனைவி போன் செய்தாள். ஆபரேஷன்தானாம், இன்னும் பத்து நிமிடத்தில் உள்ளே கொண்டுபோகிறார்களாம். ஆஸ்பத்திரி ஊரின் மறுகோடியில். நடந்தால் அரை மணி.

"மச்சான், வண்டிய உள்ள கொண்டு போங்க."

"ஊருக்குள்ளயா?"

"உங்க தங்கச்சி மக, மச்சான். டிக்கியில சேவுதான இருக்கு."

மச்சான் ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கிளப்பினார். வீடுகளைத் தாண்டும்போது நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. பள்ளிக்கூடத்தைக் கடக்கும்போது மூச்சையே பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"ஓடு மாப்ளே. நான் வண்டிகிட்ட நிக்கேன்."

ஓடினேன். தள்ளுகட்டிலில் மகள் கிடந்தாள். கையைப் பிடிக்கப் போனால் முடியவில்லை. என் கையில் மச்சானின் செருப்பு.

"மாமா செருப்பாப்பா?" என்றாள். வலியோடு வலியாகச் சிரித்தபடியே உள்ளே போனாள்.

பேத்தி பிறந்தாள். ஐந்தாம் நாள், நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்த மகள் வீட்டுக்குப் புறப்பட்டோம். மச்சான் முப்பதைத் தாண்டவில்லை. இரண்டு தடவை இறங்கி டயர் பார்த்தார்.

"இப்பிடி ஒரு லோடு ஏத்துனதில்ல மாப்ளே" என்றார் மெதுவாக, பின்சீட்டில் தூங்கும் பேத்தி விழித்துவிடாமல்.

அந்த நாட்டுக்குப் போன பிறகு அன்றுதான் முதல் தடவையாக, மச்சானின் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு நான் தூங்கிப்போனேன்.