அத்தானின் கல்லீரலில் தழும்பு

அன்பு மச்சானுக்கு, உன் அத்தான் எழுதிக்கொள்வது. நீயும் உன் வீட்டாரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். என் சௌக்கியத்தைப் பற்றி எழுத இனி ஒன்றுமில்லை.

கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறது என்று ஸ்கேனில் சொன்னார்கள் அல்லவா, அது தழும்பாகிவிட்டதா என்று பார்க்க வேண்டுமாம். வயிற்றில் ஊசி விட்டுச் சதையைக் கிள்ளி எடுப்பார்கள் என்று யாரோ சொல்ல, நான் ஒரு வாரம் கண்ணை மூடவில்லை. டாக்டரம்மா சிரித்தார். "முதல்ல அதெல்லாம் வேண்டாங்க. கையில கொஞ்சம் ரத்தம் எடுத்து, அதுல சில அளவுகளைப் பார்த்து, உங்க வயசையும் சேர்த்துக் கணக்குப் போட்டா ஓரளவு தெரிஞ்சிடும்." போன உயிர் திரும்பி வந்தது. மெத்தைக் கடைக்காரனுக்கு இது புரியாதா? தையலைப் பிரிக்காமலே, உள்ளே பஞ்சு கட்டி தட்டியிருக்கிறதா என்று அழுத்திப் பார்த்துச் சொல்கிறவன் நான்.

ரத்தம் எடுக்கும் இடத்தில் நீல நாற்காலி, மெல்ல அசையும் பச்சைத் திரை, சோம்பேறி மின்விசிறி. ஒரு வாரத் தூக்கமும் மொத்தமாக வந்து அமுக்க, என் கல்லீரலுக்குள்ளேயே இறங்கிவிட்டேன், மச்சான். இளஞ்சூடு, செவ்வெளிச்சம், எங்கும் பஞ்சு மிதக்கிறது. மூலையில் ஒருவர் எதையோ தைத்துக்கொண்டிருந்தார். "தழும்பு எவ்வளவுங்க இருக்கு?" என்றேன். "இன்னும் தைச்சு முடிக்கல, அப்புறமா வாங்க" என்றார். அந்தப் பதில் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அங்கேயே இருந்துவிடலாமா என்று யோசிக்கும்போது உன் அக்கா தோளைத் தட்டி, "எல்லாம் முடிஞ்சுது, வாங்க போகலாம்" என்றாள். குத்தியதே தெரியவில்லை! விஞ்ஞானம் எங்கேயோ போய்விட்டது என்று வழியெல்லாம் புகழ்ந்துகொண்டே வந்தேன்.

இன்று முடிவு வந்தது. எண் எகிறியிருக்கிறது, சிவப்பில் போட்டிருக்கிறார்கள். அப்போதிருந்து பாதி தைத்த மெத்தையில் படுத்து, மேகத்தில் போவதுபோல் போய்க்கொண்டிருக்கிறேன். கடையை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும். உன் அக்கா நல்லவள்தான், ஆனால் நெஞ்சழுத்தக்காரி. நான் விடைபெறும் குரலில் என்ன பேசினாலும் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவுகிறாள்.

உன் குடும்பம் நீண்ட ஆயுளோடும் கோளாறில்லாத கல்லீரலோடும் வாழட்டும்.

இப்படிக்கு,
இருக்கும் வரை உன் அத்தான்.

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது உன் அக்கா வந்து நின்றாள். "அந்த ரத்தம் என்னோடதுங்க" என்றாள். "டோக்கனைக் கூப்பிட்டாங்க. ஒரு வாரம் கழிச்சு அப்பதான் தூங்குனீங்க, எழுப்ப மனசு வரல. ஒரே அடுப்பு, ஒரே சாப்பாடு, ரத்தம் மட்டும் வேறயாவா இருக்கும்னு நானே போய் உட்கார்ந்துட்டேன். உங்க வயசைச் சொன்னேன், ரத்தம் எடுக்குற பொண்ணு என்னை ஒரு மாதிரியா பார்த்துச்சு. நல்லா வந்தா சொல்லவே வேண்டாம்னு இருந்தேன்."

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். "அவங்க ரத்தம், உங்க வயசு. இந்த நம்பர் ரெண்டு பேரோடதும் இல்ல. நாளைக்கு ரெண்டு பேரும் வாங்க" என்றார். மச்சான், மேலே எழுதியதை எல்லாம் கிழித்துப் போடு. எனக்கு இப்போது அவளை நினைத்துத்தான் பயமாக இருக்கிறது. நாளைக்கு எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு நல்ல எண்தான் என்றால், அது அவளுக்கு வரட்டும்.