அப்பா கிளாஸ், மகன் கிளாஸ்

"அப்பன் உயிரோட இருக்கறப்பவே, அப்பன்கிட்ட இருக்கிறதெல்லாம் மகனுக்கு வந்துடும். கையெழுத்து வேணாம். கேக்கக்கூட வேணாம். தானா வந்துடும்!"

சின்னப்பராஜ் இதைச் சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஜன்னலுக்கு வெளியே அவனுடைய அப்பா சவரி எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். எருமை அதுபாட்டுக்குக் குடித்தது. சவரி வாளியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலையே பார்த்தார்.

உள்ளே சின்னப்பராஜுக்கு இதெல்லாம் தெரியாது. அவன் மடியில் தலையணை கனத்துக்கு ஒரு இங்கிலீஷ் புத்தகம் கிடந்தது. ஆப்ஜெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங் என்று அட்டையில் போட்டிருந்தது. அதியமான்கோட்டைப் பக்கம் ஒரு மாம்பழக்கூழ் கம்பெனியில் அவன் கணக்கு எழுதுகிறவன். எண்பத்தொன்பதாம் வருஷத்து மாம்பழ சீசன் உச்சத்தில் இருந்தபோது, மேனேஜர் முனிராஜ் அவனைக் கூப்பிட்டு அந்தப் புத்தகத்தைக் கையில் திணித்தார்.

"பெங்களூர்ல இருந்து கம்ப்யூட்டர் வருது ராஜ். கூடவே எஞ்சினியர் ஒருத்தர் வராரு. வர்ற திங்கக்கிழமை கேள்வி கேப்பாரு. பதில் சொல்றவனுக்கு கம்ப்யூட்டர் ரூம். ஏ.சி. உண்டு."

"சொல்லலைன்னா சார்?"

"இப்ப இருக்கற எடமே இருக்குது."

இப்போது இருக்கிற இடம் என்பது பழம் இறக்கும் கொட்டகை. சீசனில் அங்கே ஒரு கையால் ஈயை விரட்டி மறு கையால் எழுத வேண்டும். வீட்டுக்குப் போனால் மனைவி இசபெல்லா அவனைக் குளிக்காமல் உள்ளே விடமாட்டாள். ஆகவே சின்னப்பராஜ் அந்தப் புத்தகத்தை வேதாகமத்துக்கு அடுத்தபடியாக மதித்தான். கிளாஸ், ஆப்ஜெக்ட், இன்ஹெரிட்டன்ஸ் என்று வந்த வார்த்தைகளை எல்லாம் வீட்டுத் தமிழில் சொல்லிப் பார்த்தால்தான் மண்டையில் ஏறியது.

ஏறியது அவன் மண்டையில் மட்டுமல்ல என்பது மறுநாள் காலையில் தெரிந்தது.

"என்னங்க, மாமா விடிஞ்சதுல இருந்து டிரங்குப் பெட்டி மேல உக்காந்திருக்காரு. களி வேணாங்கறாரு. எந்திரிக்கவும் மாட்டேங்கறாரு" என்றாள் இசபெல்லா.

அந்தப் பெட்டியில்தான் நிலத்துப் பட்டா இருந்தது. சின்னப்பராஜ் போய் எதிரே குந்தினான்.

"என்னங்கப்பா ஆச்சு?"

"கையெழுத்துகூட வேணாமாமே?" என்றார் சவரி.

சின்னப்பராஜுக்குப் புரிந்துவிட்டது. சிரித்தான். சிரித்திருக்கக் கூடாது.

"அய்யோ, அது நம்ம நெலம் இல்லப்பா. கம்ப்யூட்டர் பாடம்."

"கம்ப்யூட்டருக்கு அப்பன் ஏதுடா?"

"இருக்குதுங்கப்பா. பேரன்ட் கிளாஸ்னு பேரு. அதுல இருந்து வர்றது மகன் கிளாஸ். இப்ப நீங்க ஒரு கிளாஸ்னு வெச்சுக்கங்க."

"வெச்சுக்கறேன்."

"உங்களுக்கு ஏர் ஓட்டத் தெரியும். அது எனக்கும் தானா வந்துடும். ஆனா பிடிக்கலைன்னா, அதை நான் என் இஷ்டத்துக்கு மாத்தி எழுதிக்கலாம்."

சவரியின் கண்கள் விரிந்தன. "மாத்தி எழுதறதா? எங்க? ரிஜிஸ்டர் ஆபீஸ்லயா?"

"இல்லப்பா, கம்ப்யூட்டர்ல..."

"அதுலயும் எழுதற அளவுக்கு வந்துட்டானுங்களா?" என்று சவரி பெட்டியின் மேல் இன்னும் நன்றாகச் சம்மணம் போட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலம் சின்னப்பராஜ் ஜாக்கிரதையாக உள்ளறைக்குப் போய், கதவைச் சாத்தி, குரலைத் தாழ்த்திப் படித்தான். ஓட்டு வீட்டில் குரலைத் தாழ்த்தினாலும் சுவர் மேலேறி அடுத்த அறைக்குப் போய்விடும். அவன் போதாத காலம், அன்றைய பாடம் அப்படி அமைந்தது.

"வேலை முடிஞ்ச ஆப்ஜெக்ட்டை உடனே அழிச்சுடணும். இல்லன்னா சும்மா எடத்தை அடைச்சுக்கிட்டுக் கெடக்கும்."

அடுத்த அறையிலிருந்து பெட்டி கிரீச்சிட்டது.

"டேய் ராசு! எனக்கு வேலை முடிஞ்சுதுன்னு யார்ரா சொன்னது?"

சின்னப்பராஜ் ஓடிப் போவதற்குள் சவரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். பக்கத்துக் காட்டுக்காரர் சென்னப்பனிடம் சொன்னார். டவுன் பஸ் கண்டக்டரிடமும் சொன்னார். கண்டக்டர் அடுத்த பஸ் கண்டக்டரிடம் சொல்ல, தந்தி போனால்கூட அவ்வளவு சீக்கிரம் போயிருக்காது. மறுநாள் பொழுது ஏறுவதற்குள் கம்பைநல்லூரிலிருந்து தம்பி பிலவேந்திரன் மொபெட்டில் வந்து இறங்கினான். அங்கே அவனுக்கு உரக்கடை.

"அண்ணா, அப்பாவை அழிச்சுடறதுன்னு முடிவு பண்ணிட்டியாமே?"

"அழிக்கறதாவது! ஏன்டா, உனக்குமா புரியல? ஆப்ஜெக்ட்டுடா!"

"அப்பாவப் பார்த்தா உனக்கு ஆப்ஜெக்ட்டு மாதிரி இருக்குதா?"

தம்பியைச் சமாதானம் செய்வதற்காகச் சின்னப்பராஜ் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பொறுமையாகச் சொன்னான். "இங்க பாரு. அப்பன்கிட்ட இருக்கிறது எனக்கு மட்டும் வராது, உனக்கும்தான் வரும். ஆனா ஒண்ணு. அப்பன் பிரைவேட்னு போட்டு வெச்சதுல மட்டும் மகனுங்க கை வைக்க முடியாது. அது உள்ள இருக்கும், நம்ம கண்ணுக்குத் தெரியாது."

பிலவேந்திரன் புத்தகத்தைப் பார்த்தான். பிறகு அப்பா உட்கார்ந்திருந்த பெட்டியைப் பார்த்தான். அப்புறம் பரணைப் பார்த்தான். அப்புறம் கேழ்வரகு கொட்டி வைக்கும் குதிர் பக்கம் பார்த்தான்.

"பிரைவேட்டா என்னாண்ணா வெச்சிருக்காரு?"

"நம்ம அப்பா இல்லடா..."

அதற்குள் பிலவேந்திரன் குதிருக்குள் தோள்வரைக்கும் கையை விட்டுவிட்டான். "பாருங்கடா, எம் புள்ளைங்க லட்சணத்தை!" என்று சவரி தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்தினார். சென்னப்பன் வேலிக்கு மேலே தலையை நீட்டினார். அண்ணன் தம்பியைக் குதிரிலிருந்து பிடித்து இழுத்தான். தம்பி உதறினான். சட்டைப் பித்தான் இரண்டு தெறித்தது. அதிகம் பேசாமலே பத்து வருஷம் ஒழுங்காக இருந்த அண்ணன் தம்பி, பேசிப் புரிய வைத்த அரை மணியில் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.

இந்தக் கூத்தில் ஒதுங்கி நின்ற இசபெல்லாவையாவது தன் பக்கம் வைத்துக்கொள்ளலாம் என்று சின்னப்பராஜ் சமையற்கட்டுக்குப் போனான்.

"பெல்லா, நீயாவது கேளு. இன்னும் ஒரே பாடம்தான் பாக்கி. பாலிமார்பிசம்னு பேரு. ஒரே ஆளு மாதிரிதான் தெரியும். ஆனா ஒரு எடத்துல ஒரு மாதிரி நடந்துக்கும், இன்னொரு எடத்துல வேற மாதிரி நடந்துக்கும்."

இசபெல்லா களி கிண்டிக்கொண்டிருந்த கோலைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"எது அந்த இன்னொரு எடம்?"

"எடமில்ல பெல்லா, அது..."

"லேட்டா வர்றதெல்லாம் மாம்பழ சீசன்னு நெனச்சிட்டிருந்தேன். எந்த வூடுங்க அது?"

அன்று அவனுக்குச் சோறு வைக்கப்பட்டது. வைக்கப்பட்ட விதத்தில் தட்டு இரண்டு தடவை சுற்றிவிட்டு நின்றது.

சாப்பிட்டு எழுந்திருக்கும்போது இசபெல்லாவே கேட்டாள். "மாமா 'சோறு'ன்னு கூப்பிட்டா ஓடிப்போயி வெக்கறேன். நீங்க 'சோறு'ன்னு கூப்பிட்டா மொறைக்கறேன். கூப்பிடறது ஒண்ணுதான், நடக்கறது வேற வேற. நீங்க சொன்னது இதுவா?"

சின்னப்பராஜுக்கு அழுகை வராத குறை. "அதேதான் பெல்லா! அதேதான்!"

"சரி. ஆனாலும் அந்த வூடு எதுன்னு நான் கண்டுபுடிப்பேன்" என்று அவள் தட்டை எடுத்துப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் வாசலில் கூட்டம் கூடியது. பெட்டியை வெளியே தூக்கிவரச் சொல்லி, அதன் மேலேயே சவரி உட்கார்ந்தார். பாப்பாரப்பட்டியிலிருந்து மகள் ராஜமேரியை வரவழைத்திருந்தார். அவள் தையல் மிஷினை மிதித்து இரண்டு பெண் பிள்ளைகளைப் படிக்கவைக்கிறவள். மாப்பிள்ளை லாரியில் போகிறவர், அநேகமாக லாரியிலேயே இருக்கிறவர். நிலத்துப் பேச்சு வரும்போது அவள் வாயைத் திறக்க மாட்டாள். திறந்தால் அண்ணன்கள் இரண்டு பேரும் சேர்ந்து, "உனக்குத்தான் கல்யாணத்துல நகை போட்டாச்சே" என்பார்கள். அவர்கள் இருவரும் பேசி ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

"ராசு" என்றார் சவரி. குரலில் கோபமே இல்லை. "படிச்சவன் நீ. அந்தப் பொஸ்தவத்துல எனக்கு ஒரு சந்தேகம். கேக்கலாமா?"

சின்னப்பராஜுக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஒரு வாரமாக யாருமே அவனிடம் பாடத்தைப் பாடமாகக் கேட்கவில்லை.

"கேளுங்கப்பா!"

"ஒரு அப்பன் கிளாஸுக்கு எத்தினி புள்ளைங்க இருக்கலாம்?"

"எத்தனை வேணாலும் இருக்கலாம்ப்பா."

"மூத்தவனுக்கு அதிகம், எளயவனுக்குக் கம்மின்னு உண்டா?"

"அந்தப் பேச்சே கெடையாது. எல்லாத்துக்கும் முழுசா, ஒரே மாதிரி வரும்."

"பொட்டப்புள்ளைக்கு?"

"என்னங்கப்பா நீங்க! கிளாஸ்ல ஆணு பொண்ணுன்னு எங்க இருக்குது? அப்பன் கிளாஸ்ல இருந்து வந்தது எதுவா இருந்தாலும் சமமா வரும். இதுதான் இந்தப் புத்தகத்துக்கே அஸ்திவாரம்!"

பாடம் முழுதாக வாயை விட்டு வெளியே போன பிறகுதான், தான் சொன்னது அவன் காதில் விழுந்தது. தம்பி அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். ராஜமேரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அண்ணா, பொஸ்தவத்துல தப்பா அடிச்சிருப்பான். இன்னொரு தடவை பாரு" என்றான் பிலவேந்திரன் பல்லைக் கடித்தபடி.

சின்னப்பராஜ் புத்தகத்தைப் புரட்டினான். தப்பு என்று சொன்னால் ஊர் முன்னால் தனக்கு ஒன்றும் தெரியாது என்று ஆகிவிடும். நாளைக்கு எஞ்சினியர் வேறு வருகிறார்.

"தப்பு இல்லடா" என்றான் புத்தகத்தை மூடியபடி.

"பொஸ்தவத்துலயே இருக்குதுன்னா அப்பறம் என்னாங்க?" என்றார் வேலியோரம் சென்னப்பன்.

"பெரியவனே சொல்லிட்டான்" என்று சவரி எழுந்தார். "மூணு பேருக்கும் சமமா எழுதிடலாம். வேணாங்கறவன் இப்பவே சொல்லு. மொத்தத்தையும் மாதா கோயிலுக்கு எழுதி வெச்சுட்டு நான் பாட்டுக்குக் களி தின்னுட்டுக் கெடக்கறேன்."

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இசபெல்லா மட்டும், "அந்தப் புத்தகத்துல உருப்படியாவும் ஒண்ணு இருக்குதே" என்று ராஜமேரிக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள்.

திங்கட்கிழமை எஞ்சினியர் அர்ச்சுனன் வந்தார். வயதில் சின்னவர்தான், ஆனால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேள்வி கேட்கிற ஆள். பாலிமார்பிசம் என்றால் என்ன என்று கேட்டார். சின்னப்பராஜ் சோற்றுத் தட்டைச் சொன்னான். அர்ச்சுனன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"ஒரு மகன் கிளாஸ், 'அப்பா எனக்கு மட்டும்தான் குடுக்கணும், இன்னொரு கிளாஸுக்குக் குடுக்கக் கூடாது'ன்னு தடுக்க முடியுமா?"

"முடியாதுங்க சார்" என்றான் சின்னப்பராஜ். அவன் சொன்ன தோரணையில் மேனேஜர் முனிராஜுக்கே பாவமாக இருந்தது.

"வாழ்ந்து பாத்த மாதிரி சொல்றீங்களே!"

"அங்க இருந்துதாங்க வரேன்."

கம்ப்யூட்டர் ரூம் அவனுக்குக் கிடைத்தது. அந்தக் குளிரில் இரண்டு நாள் உட்கார்ந்தபிறகு, போனது போகட்டும் என்று அவனுக்கே தோன்றிவிட்டது. பங்கு குறைந்ததும் ஒரு வகையில் நல்லதுதான், தங்கச்சிதானே என்றுகூட இசபெல்லாவிடம் பெருந்தன்மையாகச் சொன்னான்.

வியாழக்கிழமை எல்லோரும் பென்னாகரம் பத்திரப் பதிவு ஆபீசுக்குப் போனார்கள். எதிரே புளியமரத்தடியில் பத்திர எழுத்தர் மாதேஸ்வரன் மேஜை போட்டிருந்தார். சவரியும் ராஜமேரியும் டீக்கடைப் பக்கம் போக, சின்னப்பராஜும் பிலவேந்திரனும் மேஜை முன்னால் நின்றார்கள்.

"என்ன பண்றதுங்க, எல்லாம் ஒரு கம்ப்யூட்டர் புத்தகத்தால வந்தது" என்று சின்னப்பராஜ் ஆரம்பித்தான். "நான் ஒண்ணு படிக்க, எங்கப்பா ஒண்ணு புரிஞ்சுக்க, குடும்பமே குழம்பிடுச்சு. எங்கப்பா வெள்ளந்திங்க. நெலத்தோட எல்லையெல்லாம் நான் சொல்றேன், எழுதிக்கங்க."

மாதேஸ்வரன் தலை நிமிரவில்லை. முத்திரைத் தாளை எடுத்து, கிழக்கே ஓடை, மேற்கே சென்னப்பன் காடு, கிணற்றுக்கு மூன்று பேருக்கும் பொது வழி என்று கடகடவென எழுதிக்கொண்டே போனார். பேனா ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை.

சின்னப்பராஜும் பிலவேந்திரனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நாங்க எதுவும் சொல்லவே இல்லீங்களே?"

மாதேஸ்வரன் மையை உதறினார்.

"மாசி மாசமே உங்கப்பா வந்து, 'மூணு பங்குக்கும் எல்லையை மனசுல வெச்சுக்க, எம் பசங்க ஒத்துமையா இருக்கற வரைக்கும் தங்கச்சிக்குப் பங்கு விடமாட்டானுங்க, ரெண்டு பேரும் அடிச்சுக்கற அன்னிக்குக் கூட்டியாறேன்'னு சொல்லிட்டுப் போனாருங்க, நீங்கதான் அடிச்சுக்கவே இத்தன நாள் ஆக்கிட்டீங்க."