பாலத்தைச் சேர்த்து வைத்த லென்ஸ்

பாலங்கள் துறை ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கியது. தீர ஆலோசித்து, விலைப்புள்ளிகளை ஒப்பிட்டு, சிக்கனத்தை முன்னிட்டு, லென்ஸ் இல்லாமல் வாங்கியது. லென்ஸ் இல்லாத கேமரா விலை குறைவு என்பதைக் கண்டுபிடித்த கணக்கதிகாரிக்குப் பாராட்டுச் சான்றிதழ் வழங்கப்பட்டது. அந்த நிகழ்ச்சியைப் படம் எடுக்க முடியவில்லை.

படம் எடுப்பதற்கென்றே துறையில் ஒருவர் இருந்தார். படக்காரர் என்று கேட்டால்தான் ஆளைக் காட்டுவார்கள். கேமராவை அலமாரியிலிருந்து எடுத்துத் துடைத்து மறுபடியும் அலமாரியில் வைப்பது அவருடைய அன்றாடப் பணியாயிற்று. சம்பளம் தவறாமல் வந்ததால் அதில் அவருக்கு வருத்தமில்லை. வருத்தம் வீட்டில் இருந்தது. துறைக் குடியிருப்பில் ஓர் அறை வீடு. அதில் அவர், மனைவி, வளர்ந்த இரண்டு பெண்கள், வேலை தேடிக்கொண்டிருக்கும் மைத்துனன். ஒருவர் புரண்டு படுத்தால் மற்ற நால்வரும் புரண்டாக வேண்டும். பெரிய வீடு கேட்டு அவர் போட்ட விண்ணப்பம் மேசை மேசையாகத் தவழ்ந்து, தலைமைப் பொறியாளரின் மேசைக்கு வந்து அங்கேயே குடியேறிவிட்டது.

லென்ஸ் வாங்கக் குழு போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மனைவிதான் வழி சொன்னாள். "ஏங்க, அந்தத் தலைமை இன்ஜினியர் மனசு குளிர லென்ஸ் விஷயத்தை முடிச்சுக் குடுங்க. அந்தச் சூட்டோட நம்ம வீட்டு விஷயத்தையும் காதுல போட்டு வைங்க."

குழு கூடியது. தலைமைப் பொறியாளர் தலைவர். கணக்கதிகாரி உறுப்பினர். படக்காரர் சிறப்பு அழைப்பாளர்; அதாவது, நின்றுகொண்டிருந்தார்.

"ரெண்டு லென்ஸ் வேணும் சார். பக்கத்துல நின்னே முழுப் பாலத்தையும் எடுக்க வைட் ஆங்கிள். தூரத்துல இருக்கிறதை இழுத்துக் கிட்ட கொண்டுவர டெலிஃபோட்டோ."

"ஏன்யா, பக்கத்துல நின்னு அடங்கலைன்னா பின்னால தள்ளி நிக்க வேண்டியதுதானே?" என்றார் தலைமைப் பொறியாளர்.

"பின்னால ஆறு சார்."

"தூரமா இருந்தா கிட்ட போக வேண்டியதுதானே?"

"முன்னாலயும் ஆறுதான் சார்."

கணக்கதிகாரி விலைப்புள்ளியைக் கண்ணாடிக்கு அருகே கொண்டுபோனார். "இது பகல் கொள்ளை. பத்து மில்லிமீட்டர் லென்ஸ் இந்த விலை. முந்நூறு மில்லிமீட்டர் அதுல பாதி விலை. நீளம் கூடக்கூட விலை குறையும்னு எந்தத் துணிக்கடைலயாவது சொல்வானா?"

"நம்பர் குறையக் குறையத்தான் சார் அகலம் கூடும்."

"அப்போ ஒரே ஒரு மில்லிமீட்டர் வாங்கினா?"

"எல்லாமே உருண்டையாத் தெரியும் சார்."

"உலகம் உருண்டைதானேய்யா?"

உலகம் உருண்டை என்பது குறிப்பில் ஏற்றப்பட்டது.

பிற்பகல் தேநீருக்குள் முடிவு எட்டப்பட்டது. டெலிஃபோட்டோவில் கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி இருந்தால் விலை அதிகம். துறை ஊழியரின் கை நடுங்கலாகாது என்பதால் அந்த வசதி நீக்கப்பட்டது. முக்காலி கேட்டதற்கு, கடைநிலை ஊழியர் நெட்டையனின் தோள் ஏற்கெனவே சம்பளம் வாங்கிக்கொண்டிருப்பது சுட்டிக்காட்டப்பட்டது. வைட் ஆங்கிள் மட்டும் எப்படிப் பார்த்தாலும் கையைக் கடித்தது. கடைசியில் யாரோ பயன்படுத்திக் கழித்த ஒன்றைப் படக்காரர் தேடிப் பிடித்தார். தானாக ஃபோகஸ் செய்யும் மோட்டார் அதில் செத்துப்போயிருந்தது.

"கையாலயே திருப்பிக்கலாம் சார். வைட் ஆங்கிள்ல ஃபோகஸ் பெருசா தப்பாது," என்றார்.

"ஓடாத பாகம் ரிப்பேர் ஆகாது. நல்ல பொருள்," என்று கணக்கதிகாரி ஒப்புதல் அளித்தார்.

லென்ஸ் வேலை செய்கிறது என்பதற்குச் செயல்திறன் சான்றாக ஒரு படம் கேட்டார்கள். படக்காரர் கேமராவை வீட்டுக்கு எடுத்துப் போனார். கதவு மூலையில் முதுகை ஒட்டி நின்று அறையை ஒரு படம் எடுத்தார். திரையில் பார்த்த மனைவி கேமராவைக் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"யாரு வீடுங்க இது?"

"நம்ம வீடுதான்."

"அடப்பாவி மனுஷா, இவ்ளோ இடத்தை இத்தனை வருஷமா எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

அறை அரண்மனைக் கூடம் போல விரிந்து கிடந்தது. படத்தின் ஓரத்தில் நின்ற மைத்துனன் மட்டும் இரண்டு மைத்துனன் அகலத்துக்கு இழுபட்டிருந்தான்.

படம் தலைமைப் பொறியாளரின் மேசைக்குப் போனது. படக்காரருக்கு அழைப்பு வந்தது.

"இவ்ளோ பெரிய ஹாலை வெச்சுக்கிட்டாய்யா பெரிய வீடு கேட்டிருக்கே? உனக்கே நியாயமாப் படுதா?"

"ஐயையோ, அது லென்ஸ் பண்ற வேலை சார்."

"அப்போ லென்ஸ் பொய் சொல்லுதுங்கறே. குழு கூடித் தேர்ந்தெடுத்த லென்ஸ். நான் தலைவரா இருந்த குழு."

படக்காரர் வாயை மூடிக்கொண்டார். விண்ணப்பமும் மூடப்பட்டது.

அடுத்து டெலிஃபோட்டோவின் முறை. ஆற்றின் இரு கரையிலிருந்தும் கையை நீட்டிக்கொண்டு, நடுவில் தொடாமல் நின்றது ஒரு பாலம். இடைவெளியில் இரண்டு பேருந்துகள் தாராளமாக விழலாம். வேலை எந்த அளவில் இருக்கிறது என்று மேலிடம் படம் கேட்டிருந்தது. படக்காரர் சாலையில் வெகுதூரம் பின்னால் போய், நெட்டையனைக் குந்தவைத்து, அவன் தோளில் லென்ஸைச் சாய்த்தார்.

"அண்ணே, கொஞ்சம் மூச்சை அடக்குங்க."

"எவ்ளோ நேரம்பா? நான் புள்ளைகுட்டிக்காரன்."

தூரத்தில் இருப்பவற்றை அப்பளமாக அழுத்தி ஒன்றோடொன்று ஒட்டவைப்பது டெலிஃபோட்டோவின் குணம். படத்தில் இரண்டு கைகளும் சேர்ந்துவிட்டன. தலைமைப் பொறியாளர் வெகுநேரம் உற்றுப் பார்த்தார். அவர் கண் கலங்கியது.

"பாலம் முடிஞ்சிருச்சே!"

"முடியலை சார். நடுவுல..."

"நடுவுல எங்க? விரலை வெச்சுக் காட்டு."

படக்காரரால் காட்ட முடியவில்லை. அன்று மாலையே சுற்றறிக்கை கிளம்பியது: 'துறையின் லென்ஸில் தெரிவதே துறையின் நிலைப்பாடு.' மேலிடம் மகிழ்ந்து வாழ்த்து அனுப்பியது. பாலம் முடிந்த பிறகு கரைக்குக் கரை ஆளேற்றும் படகு எதற்கு என்று கேள்வி எழுந்தது. நியாயமான கேள்விதான். படகு நிறுத்தப்பட்டது.

இதில் ஒரு சிறு சங்கடம். தலைமைப் பொறியாளரின் பங்களா அக்கரையில் இருந்தது. அதுவரை படகில் வந்துகொண்டிருந்தவர், இப்போது பழைய பாலம் இருக்கும் அடுத்த ஊரைச் சுற்றிக் காரில் வரவேண்டியதாயிற்று. குண்டும் குழியுமான அந்தச் சாலை வேறு துறைக்குச் சொந்தமானது. அவருடைய இடுப்பு எந்தத் துறைக்கும் கட்டுப்படாமல் வலித்தது. படகை மறுபடி விடச் சொன்னால் பாலம் இல்லை என்றாகிவிடும். ஆக, இக்கரையில் ஒரு நல்ல வீடு வேண்டும். மேசை இழுப்பறையில் படுத்திருந்த படக்காரர் வீட்டுப் படம் அவர் நினைவுக்கு வந்தது.

'நிர்வாக நலன் கருதி' வீடுகளை மாற்றிக்கொள்ள உத்தரவானது.

"சார், அது ரொம்பச் சின்ன வீடு சார். தயவுபண்ணிக் கேளுங்க," என்று படக்காரர் மன்றாடினார். அவர் மனச்சாட்சி அப்படி.

"குடுக்க மனசில்லைன்னு நேராச் சொல்லேன்யா."

தலைமைப் பொறியாளரின் சோபா வாசலிலேயே சிக்கிக்கொண்டது. அதைத் தாண்டி உள்ளே குதித்த அவருடைய மனைவி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "சரி, வராண்டா நல்லா இருக்கு. வீடு எங்க?" என்று கேட்டார்.

படக்காரர் வரவழைக்கப்பட்டார்.

"என்னய்யா இது?"

"படத்துல இருந்த அதே வீடுதான் சார். அந்தக் கதவு மூலைல நின்னு பாருங்க, கொஞ்சம் தேவலாம்."

தலைமைப் பொறியாளர் மூலையில் போய் நின்றார். லென்ஸ் பொய் சொல்லிவிட்டது என்று கத்த அவர் வாய் திறந்தது. உடனே பாலம் நினைவுக்கு வந்து வாய் மூடியது. வைட் ஆங்கிள் பொய் என்றால் டெலிஃபோட்டோவும் பொய். டெலிஃபோட்டோ பொய் என்றால் பாலம் ஆற்றில். அன்றிலிருந்து சோபா தெருவில் கிடந்தது. மாலை வேளைகளில் அவர் அதில் அமர்ந்து கோப்பு பார்த்தார்.

அக்கரைப் பங்களாவில் படக்காரர் குடும்பத்துக்கு ஆளுக்கோர் அறை. சாப்பிடக் கூப்பிடுவதற்கே போன் போட வேண்டியிருந்தது. மனைவி புரண்டு புரண்டு படுத்துப் பார்த்தாள், யாரும் எழுந்திருக்கவில்லை. ஆனால் அலுவலகம் இக்கரையில். இப்போது அடுத்த ஊரைச் சுற்றிக்கொண்டு ஓடுவது படக்காரரின் தலையெழுத்து. பேருந்தில் நசுங்கி அவர் வீடு திரும்பும்போது பெண்கள் தூங்கிப்போயிருப்பார்கள். பெரிய வீடு கிடைத்தது. இருந்து பார்க்கத்தான் நேரமில்லை.

அக்கரை மக்கள் கொதித்தெழுந்தார்கள். பாலத்தை முடி, இல்லையேல் படகை விடு என்று மனு எழுதினார்கள். முதல் கையெழுத்து படக்காரருடையது. அத்தாட்சிக்குப் படம் வேண்டும் என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே துறையின் கேமராவோடு வந்தார். பாலத்தின் நுனியில் எல்லோரையும் நிறுத்தி, கேமராவை மைத்துனனிடம் கொடுத்துவிட்டுத் தானும் நடுவில் போய் நின்றார். பக்கத்திலிருந்து வைட் ஆங்கிளில் ஒன்று. தூரத்திலிருந்து டெலிஃபோட்டோவில் ஒன்று.

முதல் படத்தில் இடைவெளி பாதாளம் போல வாயைப் பிளந்து நின்றது. ஆனால் ஓரத்தில் நின்றவர்களின் முகம் பூசணிக்காயாக இழுபட்டிருந்தது.

"இந்தப் படத்தை அனுப்பினீங்கன்னா என் கையெழுத்தை அடிச்சிடுங்க," என்றார் தையற்கடைக்காரர்.

"என் மாமியார் கண்ணுல பட்டா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாங்க," என்றார் மருந்துக்கடை அம்மா.

இரண்டாவது படத்தில் எல்லோரும் லட்சணமாக இருந்தார்கள். அதுவே ஏகமனதாகத் தேர்வானது. ஆளுக்கொரு பிரதி வாங்கி உறவுக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார்கள். ஒரு பிரதியை மனுவோடு இணைத்தார்கள்.

தெருவிலிருந்த சோபாவில் எழுதப்பட்ட பதில் விரைவிலேயே வந்தது. 'தாங்கள் இணைத்துள்ள படத்தைக் கூர்ந்து ஆய்வு செய்ததில், பாலம் குறைவற முடிந்திருப்பதும், மனுதாரர்கள் அனைவரும் அதன்மேல் முகமலர்ச்சியுடன் நிற்பதும் ஐயமற விளங்குகிறது. தங்கள் மகிழ்ச்சியில் துறையும் பங்குகொள்கிறது.'

படக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். மனைவி படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"பாலம் போனாப் போகுது விடுங்க," என்றாள். "படத்துல நீங்கதான் எல்லாரையும் விட எடுப்பா இருக்கீங்க."

"நிஜமாவா?" என்று எட்டிப் பார்த்தார் படக்காரர்.