ஏல ஸ்டோரில் வெந்த ஐக்கியம்

ஒரு நல்ல காரியம் நடந்து முடிந்தால், அதை ஆரம்பித்தவன் நான்தான் என்று சொல்ல நாலு பேர் வருவார்கள். கெடுக்கப் பார்த்தவன் நான்தான் என்று சொல்ல ஒருவரும் வரமாட்டார்கள். எங்கள் மலையில் சபைகளெல்லாம் ஒன்றுசேர்ந்து மிஷன் ஊழியத்துக்கு ஓர் ஐக்கியம் தொடங்கிய விஷயத்தில் இரண்டுமே நான்தான். (முதல் பாதியை மட்டும் எழுதினால் போதும் என்கிறாள் என் மகள். அவள் பட்டதாரி. நான் மூணாப்பு. அதனால் முழுசாக எழுதுகிறேன்.)

சின்னப் பையனாக, மழைக்கு ஒரு சாக்கைப் போர்த்திக்கொண்டு கம்பமெட்டு வழியாக மலையேறியவன் நான். எழுபதுகளில் வண்டன்மேட்டுப் பக்கம் எனக்குச் சொந்தமாக ஏலக்காய்த் தோட்டம் இருந்தது, ஜீப் இருந்தது, எல்லாவற்றுக்கும் மேலாக காய் உலர்த்தும் ஸ்டோர் இருந்தது. அந்தக் காலத்து ஸ்டோர் என்றால் தடித்த சுவர் வைத்த ஒரு பெரிய அறை. வெளியே அடுப்பு. அடுப்புச் சூடு தகரக் குழாய் வழியாக அறைக்குள்ளே ஓடும். மேலே வரிசையாகச் சின்ன ஜன்னல்கள்; பச்சைக்காயின் ஆவி போகும்வரை திறந்து வைத்து, பிறகு அடைத்துவிட வேண்டும். அடைத்த பிறகுதான் உண்மையான சூடு. என் ஸ்டோரைப் போலச் சூடு பிடிக்கிற ஸ்டோர் அந்த மலையிலேயே கிடையாது. இதை நான் சொல்லவில்லை, ஊரே சொல்லும். (ஊர் சொல்லாத நாட்களில் நான் சொல்வேன்.)

இனி எஸ்தர் நர்ஸம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏலப்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். நாற்பதை ஒட்டிய வயது, தனி ஆள். காட்டுக்குள்ளே ஒரு மலைக்குடியில் பிரசவம் பார்க்கவும் காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கவும் நாதியில்லை என்று கேள்விப்பட்டதிலிருந்து, அங்கேயே போய்த் தங்கி ஊழியம் செய்வேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். அனுப்பி வைத்துத் தாங்க ஒரு சபைக்கும் தனியாகச் சக்தியில்லை. எந்தச் சபைக்காரரைக் கேட்டாலும், "மத்தவங்க சேர்ந்தா நாங்களும் சேருவோம்" என்றார்கள். இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன நர்ஸம்மா, எப்படியும் சேர்ந்துவிடுவார்கள் என்று நம்பி வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டார். அடுத்த திங்கட்கிழமை புது நர்ஸ் வருகிறாள், குவாட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அதற்குள் ஐக்கியம் அமையாவிட்டால் அவருக்கு வேலையும் இல்லை, வீடும் இல்லை.

ஆனால் கூட்டம் போட இடம்தான் தகராறு. எங்கள் சபைப் போதகர் ஞானமுத்து ஐயர், அங்கியும் இடுப்புக் கச்சையுமாக இருப்பவர், ஆளைத் தண்ணீரில் முழுக்கி ஞானஸ்நானம் கொடுக்கிற முழுக்குச் சபைக்குள் கால் வைக்க மாட்டார். உடும்பஞ்சோலை முழுக்குச் சபை தாவீது பாஸ்டர், கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டைக்காரர், எங்கள் கோயில் வாசலை மிதிக்க மாட்டார். மற்ற மூன்று சபைக்காரர்களும் இவர்கள் இரண்டு பேரில் யார் முதலில் அசைகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏலக்காய்க்குச் சபை கெடையாது, என் ஸ்டோருக்கு வாங்க" என்றேன். என் சம்சாரம் ரெபேக்கா பிறந்த வீடு முழுக்குச் சபை. நான் தெளிப்புச் சபை. வீட்டுக்குள்ளேயே ஐக்கியம் நடத்துகிறவனுக்கு ஊர் ஐக்கியம் ஒரு பாரமா?

ஆடிச் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. காய் எடுப்பு தொடங்கவில்லை, ஸ்டோர் காலி. சனிக்கிழமை காலையில் எல்லாரும் நனைந்து நடுங்கிக்கொண்டு வந்து இறங்கினார்கள். மப்ளர், ஸ்வெட்டர், அதற்குமேல் கோட்டு. ஐயருக்குப் பல் கிட்டிக்கொண்டது. எனக்குச் சட்டென்று யோசனை வந்தது. (வாழ்க்கையில் என் நஷ்டங்களெல்லாம் சட்டென்று வந்த யோசனையால்தான்.) அடுப்பு எரிக்கிற கருப்பையாவைக் கூப்பிட்டு, தீ மூட்டச் சொன்னேன்.

ரெபேக்கா சமையல் கட்டிலிருந்து ஓடி வந்தாள். "ஏங்க, காயப் போடுற எடத்துல மனுசர வச்சுத் தீ போடுவாகளா?"

"குளிருக்கு எதமா இருக்கட்டும்டி. சூட்டப் பத்தி எனக்கு நீ சொல்லாத."

"சொல்லல சாமி. வெந்தா கூப்புடுங்க, சட்டி கொண்டு வாரேன்."

போன வருஷம் இந்தக் கருப்பையா அடுப்பருகே தூங்கித் தீயை விட்டு, ஒரு லோடு காய் பச்சை நிறம் மாறி வெளுத்துப் போயிருந்தது. அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் பக்கத்துத் தோட்டத்து நாய்கள் குரைத்தன. "நான் வந்து சொல்லாம தீ எறங்கிச்சு, நீயும் மலைய விட்டு எறங்கிருவ" என்று சொல்லி வைத்திருந்தேன். அவன் அதை மறக்கவில்லை. மறந்தது நான்.

முதல் ஒரு மணி நேரம் பரலோகம் மாதிரி இருந்தது. ஐயர் பாட்டு எடுத்தார், பாஸ்டர் கை தட்டினார். தகரக் குழாய் கதகதவென்று இருந்தது. "பிரதர், நல்ல எடம்" என்று பாஸ்டர் என்னைப் பார்த்துச் சொன்னார். நான் ஐக்கியத்துக்குத் தலைவராகவே ஆகிவிட்டது போல உட்கார்ந்திருந்தேன்.

பிறகு விஷயத்துக்கு வந்தார்கள். மலைக்குடியில் நாளைக்கு ஒருவர் ஞானஸ்நானம் கேட்டால், தலையில் தண்ணீர் தெளிப்பதா, ஆளையே தண்ணீரில் முழுக்குவதா?

"தெளிச்சா போதும். ஆதியிலிருந்து அப்படித்தான்" என்றார் ஐயர்.

"எந்த ஆதி? யோர்தான் ஆத்துல ஆண்டவருக்கு என்ன நடந்துச்சு? சொம்பு வச்சா தெளிச்சாக?" என்றார் பாஸ்டர்.

மப்ளர்கள் இறங்கின. கொஞ்ச நேரத்தில் கோட்டுகள். அப்புறம் ஸ்வெட்டர்கள். நனைந்த துணியிலிருந்து புகைபோல ஆவி எழுந்தது. மூன்றாவது சபைக்காரர் ஒருவர் கூச்சத்தோடு சட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவரைப் பார்த்து இன்னொருவர். ஆனால் எழுந்து வெளியே போக ஒருவரும் தயாரில்லை. யார் முதலில் எழுகிறாரோ அவர் சபை ஐக்கியத்தை முறித்ததாகப் பேச்சு வருமே! தண்ணீரைப் பற்றி மணிக்கணக்காகப் பேசினார்கள். ஒரு வாய் தண்ணீர் குடிக்க ஒருவரும் எழவில்லை.

"என்னப்பா, கொஞ்சம் உஷ்ணமா இருக்கோ?" என்று ஐயர் என்னைக் கேட்டார். அப்போதே நான் எழுந்திருக்க வேண்டும். "இதெல்லாம் ஒரு சூடா ஐயரே? காய்க்கு வைக்கிறதுல பாதி கூட இல்ல" என்று பெருமையடித்தேன். சொன்ன பிறகு எப்படி எழுவது? ஆனாலும் இரண்டு தடவை எழப் பார்த்தேன். இரண்டு தடவையும் யாரோ "ஜெபிப்போம்" என்றார்கள். ஒரு சபைக்காரர் ஜெபம் சொல்லும்போது வீட்டுக்காரன் எழுந்து போனால் என்ன மரியாதை? கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். வேர்வை இமைக்குள் இறங்கியது.

அப்போது மேலே "டப்" என்று ஒரு சத்தம். இன்னொரு "டப்". கண்ணைத் திறந்து பார்த்தேன். கருப்பையா வெளியே நின்று, நீளக் கம்பால் மேல் ஜன்னல்களை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டிருந்தான். ஜன்னல் வழியாக ஆவி வந்தது நின்றுவிட்டதாம். முறைப்படி அடுத்த கட்டத்தை ஆரம்பித்துவிட்டான்.

எஸ்தர் நர்ஸம்மா மட்டும் பின்வரிசையில் சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐயரைப் பார்ப்பார், பாஸ்டரைப் பார்ப்பார். திங்கட்கிழமை அவர் கண்ணில் தெரிந்தது. எனக்கு அதைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது, சூடு கூட இல்லை.

பாஸ்டர் தாவீது எழுந்து நின்றார். முகம் பழுத்த குண்டுமிளகாய் மாதிரி இருந்தது. "கடைசியா ஒண்ணு சொல்லுதேன். முழுகாதவன்..." என்று கையை உயர்த்தினார். அந்தக் கை அப்படியே நின்றது. கண் மேலே செருகியது. ஆள் மெல்லச் சரிந்து, வேறு எங்கும் போகாமல், ஐயர் மடியிலேயே விழுந்தார்.

"கதவத் தொறங்க!" என்று நர்ஸம்மா கத்தினார். மழையில் கதவு ஊறி இறுகியிருந்தது. நான் உதைத்த உதையில் கதவும் திறந்தது, என் கட்டைவிரல் நகமும் போனது. ஐயர் பாஸ்டரின் தோளைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடந்து வந்தார், இரண்டு பேர் காலைப் பிடித்தார்கள். பின்பக்கமாக நடக்கிறவருக்கு, காய் கழுவுகிற சிமெண்ட் தொட்டி அங்கே இருப்பது எப்படித் தெரியும்? தொட்டிச் சுவரில் கால் தட்டியது. நர்ஸம்மா பாய்ந்து பாஸ்டரைத் தாங்கிக்கொண்டார். ஐயரைத் தாங்க ஆளில்லை. மழைத்தண்ணீர் நிரம்பிய தொட்டிக்குள் அங்கியோடு மல்லாக்க விழுந்தார். தலை உட்பட முழுசாக உள்ளே போய்விட்டது.

நர்ஸம்மா ஒரு குவளையில் தண்ணீர் மொண்டு பாஸ்டர் முகத்தில் தெளித்தார். பாஸ்டர் கண் விழித்தார். அவர் விழித்ததும் முதலில் பார்த்தது, தொட்டிக்குள்ளிருந்து மேலே வந்த ஐயர் தலையை.

அந்த நேரம் பார்த்துக் கருப்பையா ஒரு கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து, "மொதலாளி, இன்னும் வெறகு போடவா?" என்றான்.

பாஸ்டர் தரையில் படுத்தபடியே கேட்டார். "என்ன ஐயரே, முழுசா முங்கிட்டீகளா?"

ஐயர் வாயிலிருந்த தண்ணீரைத் துப்பிவிட்டுச் சொன்னார். "முங்கிட்டேன்யா. ஒமக்கு எப்படி? தெளிச்சது போதுமா?"

யார் முதலில் சிரித்தது என்று இன்றைக்கும் சண்டை உண்டு. (நான்தான்.) ஐந்து சபை மூப்பர்களும் பனியனோடு மழையில் நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கோட்டும் சட்டையும் இல்லாதபோது யார் எந்தச் சபை என்று எனக்கே தெரியவில்லை.

நர்ஸம்மா சிரிக்கவில்லை. குவளையைத் தொட்டிச் சுவரில் நங்கென்று வைத்தார்.

"தெளிச்சாலும் ஆளு எந்திரிக்கிறாக, முங்கினாலும் எந்திரிக்கிறாக. மிச்சச் சண்டைய நான் போன பொறவு போட்டுக்கங்க. திங்கக்கெழம நான் எங்க போகணும்? அத மட்டும் சொல்லுங்க ஐயா."

சிரிப்பு நின்றது. ஐயர் தொட்டிக்குள் நின்றபடியே, ஈர அங்கியிலிருந்து கையை நீட்டி அவர் தலையில் வைத்தார். "போ மகளே" என்றார். பாஸ்டர் எழுந்து தள்ளாடிக்கொண்டே வந்து அந்தக் கைமேல் தன் கையை வைத்தார். பிறகு எல்லாருடைய கையும். அந்த மழையில் ஜெபம் சொன்னது யார் என்று ஞாபகமில்லை. ஒரே வரிதான் சொன்னார்கள், அது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. என் மலையில் நான் கேட்ட ஜெபங்களிலேயே குட்டையான ஜெபம் அதுதான்.

திங்கட்கிழமை நர்ஸம்மாவையும் அவருடைய இரும்புப் பெட்டியையும் என் ஜீப்பில்தான் காட்டோரம் வரை கொண்டுபோய் விட்டேன். ரெபேக்கா அவருக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள்.

எனக்கு வாய்த்தது வேறு. ஏலக்காய் ஏலம் விடுகிற மையத்தில் தலைகாட்ட முடியவில்லை. கம்பம் வியாபாரிகள் வரிசையாக நின்றுகொண்டு, "என்னவே, பாதிரிமார ஒலர்த்தப் போட்டீராமே? பச்ச மாறாம வந்தாகளா?" என்பார்கள். "அடுத்த லோடு எந்தச் சபை?" என்று ஒருவன் கேட்டான். அவனோடு நான் ஒரு சீசன் முழுக்கப் பேசவில்லை.

சில வருஷம் கழித்து, நர்ஸம்மா காட்டிலிருந்து இறங்கி ஐக்கியக் கூட்டத்துக்கு வந்தார். மலைக்குடியில் ஒரு கிழவர் ஞானஸ்நானம் கேட்கிறார், தெளிப்பதா முழுக்குவதா என்று கேட்டார். பழைய நெருப்பு மறுபடி பற்றிக்கொள்ளும் போலிருந்தது. நான் உதவி செய்யத்தான் நினைத்தேன். எழுந்து நின்று, "வேணும்னா நம்ம ஸ்டோர்ல உக்காந்து நிதானமா பேசி முடிப்பமா?" என்றேன்.

"வேண்டாம்!" என்றார்கள் ஐயரும் பாஸ்டரும் ஒரே குரலில்.

"ஆத்துல தண்ணி கெடந்தா முழுக்குங்கம்மா, கோடையா இருந்தா தெளிங்க" என்றார் பாஸ்டர். "ஆமென்" என்றார் ஐயர். ஐந்து சபையும் கை தூக்கியது.

அன்றைக்குப் பிடித்த அந்த ஸ்டோர் பேச்சு எங்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. இப்போது பேரனுக்கும் அவன் பெண்டாட்டிக்கும் பிள்ளைக்குப் பெயர் வைப்பதில் சண்டை. இவள் ஒன்று சொல்ல அவன் ஒன்று சொல்ல, வீடு இரண்டாகிவிட்டது. கட்டிலில் படுத்திருந்த ரெபேக்கா தலையைக்கூடத் தூக்கவில்லை.

"ரெண்டு பேரும் ஸ்டோருக்குப் போறீகளா? தாத்தாவத் தீ மூட்டச் சொல்லுதேன்."

பிள்ளைக்கு எஸ்தர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.