மாவுக்கட்டும் மலைக்காட்சியும்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவருடைய மாவுக்கட்டு போட்ட காலைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். பத்து மணிக்கு அதிகாரியோடு கணினியில் கூட்டம். மணி ஒன்பது ஐம்பது.

குடும்பத்தில் அவருக்குப் 'பெரிய சம்பளம்' என்று பெயர். அவர் வேலை பார்த்த வெளிநாட்டில் சம்பளம் கொட்டும். நோய்க்கென்று ஒரு நாள் விடுப்பு மட்டும் கிடையாது. வேலை போனால் மருத்துவக் காப்பீடும் கூடவே போகும். கட்டிலைக் காலி செய்யவேண்டியதுதான்.

மனைவியின் தம்பிக்கு வேறு நாட்டில் இதில் பாதிச் சம்பளம். அவனுக்குச் 'சின்னச் சம்பளம்' என்று பெயர் வைத்தவரே இவர்தான், பாவம். அவன் போனில் கெஞ்சினான்.

"மாமா, பேசாம லீவு சொல்லிடுங்க. எனக்கு முதுகு பிடிச்சப்ப ஆறு வாரம் முழுச் சம்பளம் குடுத்து, நல்லா ஆகாம இந்தப் பக்கம் வராதேன்னு விரட்டினாங்க."

"உனக்கென்னடா மாப்ளே! இங்க ஒருத்தன் காய்ச்சல்னு ரெண்டு நாள் படுத்தான். மூணாம் நாள் அவன் நாற்காலியே இல்ல."

ஆஸ்பத்திரி அங்கிமேல் ஆபீஸ் சட்டையை மாட்டிவிட்டாள் மனைவி. முதுகுக்குப் பின்னால் இருந்த ஆஸ்பத்திரியை மறைத்து, கணினித் திரை ஒரு மலைக்காட்சியைக் காட்டியது. ஆனால் குளுக்கோஸ் பாட்டில் மட்டும் மலையுச்சியில் நிலா மாதிரி தொங்கியது.

"அதை மறைடி!"

அவள் போர்வையை விரித்துப் பிடித்தாள். கைவலியில் போர்வை இறங்க, நிலா மறுபடி உதயமானது.

கூட்டம் தொடங்கியது. அதிகாரி புத்தக அலமாரிக்கு முன்னால் தெரிந்தார்; ஒரு காது புத்தகங்களுக்குள் போயிருந்தது. குரல் ஏனோ இரட்டையாகக் கேட்டது. நெட் சரியில்லை போல என்று நினைத்துக்கொண்டார் இவர்.

"அது என்ன பீப் பீப்னு?"

"மைக்ரோவேவ் சார்."

சத்தத்தை நிறுத்த, நாடித்துடிப்பு பார்க்கும் இயந்திரத்திலிருந்து வந்து விரலில் மாட்டியிருந்த கிளிப்பைப் பிடுங்கினார். இயந்திரம் ஊரைக் கூட்டி அலறியது. பதறிய மனைவி போர்வையைக் கைவிட, அது போய்க் காலின்மேல் விழுந்தது.

"ஐயோ!"

"என்னய்யா?"

"ஐயோ, எவ்ளோ நல்ல திட்டம்னு சொல்ல வந்தேன் சார்!"

"அப்ப நாளைக்கு நேர்ல வந்துருவீங்கல்ல?" என்றார் அதிகாரி. கேட்ட குரலே கொஞ்சம் நடுங்கியது.

"ஓடி வந்துடறேன் சார்" என்றார், தொங்கும் காலைப் பார்த்துக்கொண்டே. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நர்சம்மா ஓடிவந்தாள். ஆள் உயிரோடு கூட்டம் நடத்துவதைப் பார்த்ததும் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"சிஸ்டர், சத்தம் போடாதீங்க" என்று கிசுகிசுத்தார் இவர். "என் அதிகாரிக்குத் தெரிஞ்சா வேலை போயிடும்."

அவள் இவரைப் பார்த்தாள். கணினியைப் பார்த்தாள். பிறகு பக்கத்துக் கட்டிலை மறைத்திருந்த பச்சைத் திரையைச் சர்ரென்று இழுத்தாள்.

"கம்ப்யூட்டரை மூடிட்டு நேராவே பேசுங்க சார், இவரும் இடுப்புக் கட்டோட மூணு நாளா, மேலிடத்துக்குத் தெரிஞ்சா வேலை போயிடும்னு, புத்தகப் படத்தை மாட்டிக்கிட்டுத்தான் உக்காந்திருக்காரு!"